புத்தாக்கம்: உணவுத் துறையில் ஒரு சொல் விளக்கம்

உடலுக்கும் பூமிக்கும் ஏற்ற உணவைப் பற்றிய எந்த அறிக்கையைப் புரட்டினாலும் 'இன்னோவேஷன்' கண்ணில் படும். தமிழில் எழுதுகிறவர்கள் அதைப் புதுமை என்கிறார்கள், கண்டுபிடிப்பு என்கிறார்கள், இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறார்கள். நான் புத்தாக்கம் என்றுதான் எழுதுகிறேன். உணவைப் பற்றிப் பேசும்போது மற்ற இரண்டும் ஏன் போதாது என்பதைச் சொல்ல வேண்டும்.

முதலில் வேர். லத்தீனில் 'நோவுஸ்' என்றால் புதிய என்று பொருள். அதிலிருந்து வந்த 'இன்னொவாரே' புதுப்பித்தலைக் குறித்தது. ஆங்கிலத்தில் நுழைந்த பிறகு இந்தச் சொல்லுக்கு வெகுகாலம் நல்ல பெயர் இல்லை. 1548இல் இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்டு மன்னரின் பெயரில் ஒரு பிரகடனம் வந்தது. வழிபாட்டு முறைகளில் தம் இஷ்டத்துக்கு மாற்றம் செய்கிறவர்களைக் கண்டிப்பதற்காக வந்த அந்தப் பிரகடனத்தில் 'இன்னோவேட்' என்பது குற்றத்தின் பெயர். பொருளியலில் அதற்கு மதிப்பு தேடித்தந்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியப் பொருளியல் அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர். 1911இல் அவர் 'புதிய சேர்க்கைகள்' என்று ஐந்தைச் சொன்னார்: புதுப் பொருள், புது உற்பத்தி முறை, புதுச் சந்தை, புது மூலப்பொருள் ஆதாரம், தொழிலைப் புதுவிதமாக ஒழுங்குபடுத்துதல். பின்னாளில் கண்டுபிடிப்பு வேறு, இன்னோவேஷன் வேறு என்றும் பிரித்துக் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் பிறப்பது கண்டுபிடிப்பு. அது வெளியே வந்து நடைமுறையை மாற்றினால்தான் இன்னோவேஷன்.

ஆகவே கண்டுபிடிப்பு என்பது பொருந்தாது. சரி, புதுமை?

புதுமை ஒரு பண்பின் பெயர். ஒன்று இதுவரை இல்லாதது என்பதை மட்டும் அது சொல்கிறது, நல்லதா கெட்டதா என்று சொல்வதில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நோர்மன் 1902இல் ஒரு முறைக்குக் காப்புரிமை கேட்டார். திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறை அது. விலை மலிவு, சீக்கிரம் கெடாது, ஆலைகளுக்குக் கையாள எளிது. உலகம் முழுக்கப் பரவியது. அரைகுறையாக ஹைட்ரஜனேற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்ல கொலஸ்ட்ராலைக் குறைத்து, இதயத்தைப் பாதிக்கிறது என்பது 1990களில்தான் நன்றாகத் தெரியவந்தது. 2003இல் டென்மார்க் கொழுப்பின் 100 கிராமுக்கு 2 கிராம் டிரான்ஸ் கொழுப்புதான் இருக்கலாம் என்று சட்டத்தில் வரம்பு வைத்தது. ஆலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை 2023க்குள் உணவிலிருந்து அகற்ற வேண்டும் என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் அழைப்பு விடுத்தது. பிறந்தபோது நோர்மனின் முறை புதுமைதான், அதில் சந்தேகமே இல்லை.

இங்கேதான் புத்தாக்கத்தின் இரண்டாம் பாதி உதவுகிறது. சொல் அமைந்த விதம் எளிது. புதுமை + ஆக்கம்: மை கெட்டு, தகரம் இரட்டித்துப் புத்தாக்கம். புத்தாடை, புத்தாண்டு, புத்துயிர் எல்லாம் இதே வழியில் வந்தவை. ஆக்கம் என்றால் உண்டாக்குதல். செல்வம், வளர்ச்சி, பெருக்கம் என்றும் பொருள் உண்டு. 'ஆக்கமும் கேடும்' என்று எதிரெதிரே நிறுத்துவது பழைய வழக்கு. இன்னோவேஷனில் இல்லாத ஓர் எடை இதனால் தமிழ்ச் சொல்லில் சேர்ந்துவிடுகிறது: புதிதாக வந்தது கேட்டில் முடிந்தால் அதைப் புத்தாக்கம் என்று சொல்ல நாக்கு தயங்கும். மொழிபெயர்ப்பாளருக்கு இது இடைஞ்சல் என்று சிலர் சொல்லலாம். எனக்கு இது பெரிய வசதியாகவே படுகிறது. அப்புறம், ஆக்குதல் என்றாலே சமைத்தல்தானே! சோறாக்குதல், குழம்பு ஆக்கி இறக்குதல் என்று அடுப்படியில் அன்றாடம் புழங்கும் வினை இது. உணவைப் பற்றிய பேச்சுக்கு இதைவிட நெருக்கமான வேர் கிடைக்காது.

சொல்லுக்கு முழுப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மக்கள் சாப்பிட்டுவந்தது வெள்ளைச் சதையுள்ள வகை. அதில் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. அந்த வைட்டமின் இல்லாத குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும், நோய் எதிர்ப்பு குறையும். ஆரஞ்சு வகைகள் வேறு இடங்களில் ஏற்கெனவே இருந்தன. ஆனால் வேகவைத்தால் நீர்ப்பதமாகக் குழைந்துவிடும். மாவாக உதிரும் கிழங்கைத் தின்று பழகிய வாய்க்கு அது பிடிக்கவில்லை. பயிர் விஞ்ஞானிகள் மரியா அன்ட்ராடேவும் ராபர்ட் முவாங்காவும் மொசாம்பிக், உகாண்டா நாடுகளில் அந்த மண்ணுக்கும் நாக்குக்கும் ஏற்ற, மாவுப்பதமான ஆரஞ்சு வகைகளை உருவாக்கினார்கள். ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜான் லோ அவற்றைக் கொடித் துண்டுகளாகக் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, சத்துக்கல்வியும் கொடுத்து, குழந்தைகளின் உடலில் வந்த மாற்றத்தை அளந்து காட்டினார். பயிரிலேயே சத்தைக் கூட்டும் முயற்சிக்கு உலக அளவில் வழியமைத்த ஹோவர்த் பூயிஸையும் சேர்த்து, நால்வருக்கும் 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்த வகைகளில் பெரும்பாலானவற்றில் 125 கிராம் கிழங்கே ஒரு சின்னக் குழந்தையின் ஒரு நாள் வைட்டமின் ஏ தேவைக்குப் போதும். விதைப்பு, ருசி, சமையல், கல்வி என்று அத்தனையும் சேர்ந்துதான் இங்கே புத்தாக்கம். ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தாலும் கிழங்கு வயலிலேயே கிடந்திருக்கும்.

'புத்தாக்கத்தை ஊக்குவித்தல்' என்ற தொடரைக் கேட்டதும் பணவுதவிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். விதிமுறையும் ஊக்கம் தரும். இனிப்பு பானங்களுக்கு வரி விதிக்கப்போவதாக பிரிட்டன் 2016இல் அறிவித்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை, 8 கிராமை எட்டினால் கூடுதல் வரி. 2018 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துப் பானங்களின் சேர்மானத்தை மாற்றிவிட்டன. வாங்குகிறவரின் மன உறுதியை மட்டும் நம்பாமல் தயாரிப்பவரின் கணக்கை மாற்றியதால் வந்த பலன் அது. இந்த வழிக்கு இன்னும் கூடுதல் கவனம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உணவு வீணாவதைக் குறைக்கும் சின்ன ஏற்பாடுகளையும் இந்தச் சொல்லுக்குள் தயங்காமல் சேர்க்கலாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் நுகர்வோர் வரை வந்த உணவில் 19 விழுக்காடு கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணானது. விளைவித்த நீரும் எரிபொருளும் அதோடு போயின.

துணைச் சொற்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'டயட்' கிரேக்கத்தின் 'டயாய்ட்டா'விலிருந்து வந்தது, வாழும் முறை என்று பொருள். அதற்கு உணவுமுறை என்பது நல்ல சொல். 'ஃபுட் சிஸ்டம்' என்பது விதையிலிருந்து குப்பை வரையிலான முழுச் சங்கிலி. அதை உணவு அமைப்பு என்றால் ஏதோ நிறுவனத்தின் பெயர்போல ஒலிக்கிறது, உணவு முறைமை என்றால் உணவுமுறையோடு குழம்புகிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் டயட்டுக்கு உணவுப்பழக்கம், சிஸ்டத்துக்கு உணவு முறைமை என்று பிரித்துக்கொள்வது தெளிவாக இருக்கும். 'நலமான, நீடித்த உணவுப்பழக்கத்துக்கான உணவு முறைமைப் புத்தாக்கம்' என்று எழுதலாம். செய்கிறவர் புத்தாக்குநர், வினையாக வரும்போது புத்தாக்கம் செய்தல்.