கட்டடம் பார்க்கப் போகிறவர்களே, முதலில் பையை நிறுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு தவணை லீவு முடிந்த கையோடும் என் பிசியோதெரபி கிளினிக்கில் ஒரே கதைதான். இந்த ஓகஸ்ட் லீவுக்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்ததும் இனி எழுதாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு, காலி, கொஞ்சம் வசதி இருந்தால் தஞ்சாவூர், மதுரை என்று கட்டடங்கள் பார்க்கவே போய் வருகிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் கனவோடு இருக்கும் உயர்தர மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்கும் அண்ணன்மார், எல்லோரும்தான். நல்ல விஷயம், போகவேண்டும். திரும்பி வந்து, ஒருவர் பெருவிரல் விறைக்கிறது என்கிறார், இன்னொருவர் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்கிறார், மூன்றாமவருக்குக் குதிகாலை நிலத்தில் வைக்க முடியவில்லை. என்ன தூக்கினீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் வரும் பதில் ஒன்றே: "பெரிய பாரம் ஒண்டும் இல்ல மிஸ், ஏழு கிலோதான்."

இந்த ஏழு கிலோ எங்கிருந்து வந்தது? விமானத்தில் கையோடு கொண்டுபோக பல கம்பனிகள் விடும் அளவு அது. விமானத்தின் தலைக்கு மேலுள்ள பெட்டியில் இடமும் எடையும் கட்டுப்படவேண்டும் என்பதற்காக அவர்கள் வைத்த கணக்கு. உங்கள் முள்ளந்தண்டைக் கேட்டு அதை யாரும் வைக்கவில்லை. அதுவும் விமானத்தில் அந்தப் பை உங்கள் முதுகில் இருப்பதில்லை, பெட்டிக்குள் கிடக்கிறது! ஆனால் யூடியூப்பில் யாரோ "ஏழு கிலோவில் பத்து நாள்" என்று பையைப் பிரித்துக் காட்டியதிலிருந்து, ஏழு கிலோவுக்குக் கீழே இருந்தால் அது பாரமே இல்லை என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. அந்த வீடியோக்காரர் எழுபத்தைந்து கிலோ ஆள், ஹோட்டலில் இறங்கியதும் பையைப் போட்டுவிட்டுப் போகிறவர். நம்முடைய தங்கச்சி நாற்பத்தைந்து கிலோ, காலை ஆறு மணிக்கு ரயிலால் இறங்கியதிலிருந்து இரவு பஸ் ஏறும்வரை அதே பை முதுகில். இரண்டும் ஒன்றா?

நான் சொல்லும் கணக்கு எளிது. நாள் முழுக்க முதுகில் இருக்கப்போகும் பை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தண்ணீர்ப் போத்தலும் சேர்த்து. ஐம்பது கிலோ ஆளுக்கு ஐந்து கிலோ. ஏற்கெனவே கழுத்து, இடுப்பு நோ உள்ளவர்களுக்கு அதிலும் பாதி. எத்தனை கிலோ என்று கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லாதீர்கள். வீட்டுத் தராசில் பையோடு ஒரு தடவை ஏறுங்கள், பை இல்லாமல் ஒரு தடவை ஏறுங்கள், கழியுங்கள். ஏழு கிலோ என்று சத்தியம் பண்ணிய ஒரு சேரின் பையை என் கிளினிக் தராசில் வைத்தால் பத்தரை. கேட்டால், "தண்ணியும் லப்டொப்பும் பாரத்தில சேராதே மிஸ்" என்கிறார். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, சேர்.

அடுத்த பேச்சு, "நான் தினமும் கல்லடிப் பாலத்தில் நடக்கிறவன், எனக்கு என்ன வரும்?" கையை வீசி, வெறும் முதுகோடு, காற்று வாங்கிக்கொண்டு நடப்பது நல்லதுதான். ஆனால் கட்டடம் பார்ப்பது நடை இல்லை. நான்கு அடி நடந்து, பத்து நிமிடம் நின்று, தலையை நிமிர்த்தி, பின்னுக்கு வந்து, மறுபடி நின்று... இப்படியே நாள் போகும். வேகமாக நடக்கும்போது வராத இடுப்பு நோ இப்படி நின்று நின்று போகும்போது வந்துவிடும். நூதனசாலையில் ஒரு மணித்தியாலம் சுற்றினால் வரும் களைப்பு எல்லோருக்கும் தெரியும்தானே, அதே களைப்பு முதுகில் பாரத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாந்து பார்ப்பது தனிக் கதை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 1010 இல் எழுந்தது, சுமார் 60 மீற்றர் உயரம், அடியில் நின்று உச்சியைப் பார்க்க ஆசை வராதவர் உண்டா? பையின் பட்டி தோளைக் கீழே இழுக்க, கழுத்தைப் பின்னுக்கு மடித்து, கமராவையும் தூக்கிப் பிடித்தால் தோளுக்கும் கழுத்துக்கும் இடையே போகும் நரம்புகள் எங்கே போகும்? கைவிரல் விறைப்பு அங்கிருந்துதான் வருகிறது. பாரமான பை தூக்கும் படைவீரர்களுக்கு இது வருவது மருத்துவத்தில் பழைய செய்தி. பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும், ஆனால் விறைத்த கையோடு இன்னும் மூன்று நாள் அதே பையைச் சுமந்தவர்களுக்கு எப்போது தெளியும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. வயதானவர்களுக்கு அண்ணாந்தால் தலைசுற்றலும் வரும். அவர்கள் நின்று பார்க்கவே வேண்டாம். தூரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள், கோபுரம் அப்போதுதான் முழுதாகவும் தெரியும். உட்கூரை ஓவியம் என்றால் சட்டைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கலாம், அல்லது போன் கமராவைத் திருப்பி வைத்துப் பார்க்கலாம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

காலியில் இதற்கு நேர்மாறு. கோட்டைக்குள்ளிருக்கும் ஒல்லாந்தர் தேவாலயம் 1755 இல் முடிந்தது, தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், எழுத்தை வாசிக்கக் குனிந்தே நடப்பார்கள். பையைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டுக் குனியுங்கள்.

கழற்றுவது என்றதும் இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். நம் நாட்டில் பார்க்கவேண்டிய கட்டடங்களில் பாதிக்குச் சப்பாத்தைக் கழற்றவேண்டும். கொழும்பு பேரை வாவியில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகை விகாரை, புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், கோயில்கள். லேஸ் கட்டிய சப்பாத்தோடு போய், பையைக் கழற்றாமலே குனிந்து லேஸ் அவிழ்க்கும்போது பை கழுத்தைத் தாண்டி முன்னுக்குச் சரியும், அதைப் பிடிக்க உடம்பைத் திருப்புவார்கள், இடுப்பில் "டக்" என்று ஒன்று. அதோடு சுற்றுலா முடிந்தது. இப்படி வந்தவர்களின் தொகையை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பை முதலில் கீழே, ஆள் பிறகு குனியவேண்டும். லேஸ் இல்லாத, நன்றாகப் பழகிய சப்பாத்து போதும். பயணத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்கி முதல் நாளே போட்டுக்கொண்டு போகிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை, கொப்புளத்துக்குப் போடும் பிளாஸ்டரையும் சேர்த்து வாங்குங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மத்தியானக் கல் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். உங்களுக்குச் சுடவில்லை என்றால் தரை சுடவில்லை என்று அர்த்தமில்லை, பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் விரலை எடுக்கும் நிலைக்குப் போவதை நான் பார்க்கிறேன். தடித்த மேஸ் (காலுறை) ஒரு சோடி பையில் இருக்கட்டும், பெரும்பாலான இடங்களில் மேஸைத் தடுப்பதில்லை. இரவு படுக்குமுன் இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிப் பைக்குள் என்ன. மாணவர்கள் வரையும் கொப்பியோடு பெரிய பலகையையும் கட்டிக்கொண்டு போகிறார்கள், ஏ5 கொப்பியும் இரண்டு பென்சிலும் போதும், பெரிதாக வீட்டில் வந்து வரையலாம். உடுப்பு இரண்டு மாற்று, இரவில் துவைத்துப் போட்டால் காய்ந்துவிடும். துவாய் மெல்லியது. லப்டொப் வேண்டாம், வேண்டவே வேண்டாம். கமராவா போனா என்று ஒன்றைத் தீர்மானியுங்கள். பாரமானது முதுகோடு ஒட்டி, நடுப்பகுதியில். பை பிட்டத்தில் இடிக்காதபடி பட்டியை இறுக்குங்கள். இடுப்புப் பட்டி இருக்கிற பை வாங்கினால் அதைக் கட்டுங்கள், அலங்காரத்துக்குத் தொங்கவிட அல்ல. ஒற்றைத் தோளில் போட்டு ஸ்டைல் காட்டும் தம்பிமாருக்கும் இதுவே. மருந்து மாத்திரை மட்டும் குறைக்காதீர்கள்.

அப்புறம் தயிர்ச் சட்டி. நம் ஊரை விட்டு யார் கொழும்புக்குப் போனாலும் மச்சாள் வீட்டுக்கு எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு, கஜு ஒரு பார்சல், கருவாடு என்று ஏற்றி விடுவது வழக்கம். நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் மச்சாள் வீடு தெஹிவளையில், நீங்கள் பார்க்கப்போவது கோட்டையும் புறக்கோட்டையும், தயிர்ச் சட்டி நாள் முழுக்க உங்கள் முதுகில் கட்டடக்கலை பார்க்கிறது! ஒன்றில் முதலில் போய் இறக்கிவிட்டு வாருங்கள், அல்லது மச்சாளை ஸ்டேசனுக்கு வரச் சொல்லுங்கள். உதயதேவி பகல் ரயிலில் போய் இறங்கும் நேரத்துக்கு யாராவது வரலாம். இரவு ரயில் என்றால் காலையில் கோட்டை நிலையத்தில் பொதி வைக்கும் அறையைக் கேளுங்கள், அல்லது தங்கப்போகும் இடத்தில் அறை தராவிட்டாலும் பையை வாங்கி வைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இரவெல்லாம் பையை மடியில் கட்டிப்பிடித்துத் தூங்கி, கழுத்து பிடித்தபடி இறங்கி, உடனே நடக்கத் தொடங்காதீர்கள்.

ஒரு நாளில் பன்னிரண்டு கட்டடம் என்று பட்டியல் போடுகிறவர்கள் முக்கால்வாசியை போனுக்குள்ளால்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்த ஒழுங்கு இப்படி: காலை வெயில் ஏறுமுன் புறக்கோட்டை, 1909 இல் முடிந்த சம்மாங்கோட்டுப் பள்ளியின் சிவப்பு வெள்ளை வரிகளைப் பார்க்க அதுதான் நேரம், தெருவும் அவ்வளவாக நெரிசல் இல்லை. முழுக் கட்டடமும் படத்துக்குள் வரவேண்டும் என்று பின்னுக்குப் பின்னுக்கு நடந்து மூட்டை தூக்கும் நாட்டாமிமாரின் தள்ளுவண்டியில் மோதியவரையும் நான் பார்த்திருக்கிறேன், பையோடு விழுந்தால் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். பிறகு கோட்டைப் பக்கம் 1906 இன் கார்கில்ஸ் கட்டடம். வெயில் உச்சிக்கு வந்ததும் 1877 இல் திறந்த தேசிய நூதனசாலைக்குள் போய்விடுங்கள், உட்கார இடம் உண்டு, நிழலும் உண்டு. மூன்றரை நான்குக்குப் பிறகு சீமா மாலகை, தண்ணீருக்கு மேல் ஆறுதலாக உட்கார்ந்தே பார்க்கலாம். முப்பத்துமூன்றாம் லேனில் பாவாவின் சொந்த வீடு பார்க்கவேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், அதை இன்னொரு நாளைக்கு வையுங்கள். காலிக் கோட்டையின் மதில்மேல் நிழல் கிடையாது, மத்தியானம் ஏறாதீர்கள், அவ்வளவுதான்.

இவ்வளவையும் கொழும்பில் போய்ச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொண்டுபோகும் அதே பை, அதே சப்பாத்து, அதே தண்ணீரோடு நம் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவைச் சுற்றுங்கள். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை நம் கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. பத்திரம் எடுக்க அதற்குள் இருந்த கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர் அந்தக் கொத்தளங்களை நின்று பார்த்தீர்கள்? அங்கிருந்து புனித மரியாள் பேராலயம், பிறகு வாவிக்கரை. நின்று, அண்ணாந்து, வரைந்து, மூன்று மணித்தியாலம். கை விறைத்தாலோ தோள் எரிந்தாலோ வீட்டுக்கு வந்து பையைக் கொட்டி மூன்றில் ஒரு பங்கை எடுத்து வெளியே வையுங்கள். எதை எடுப்பது என்று உங்களுக்கே தெரியும்.

பயணத்தில் கை விறைத்தால் அந்த இடத்திலேயே பையைக் கழற்றுங்கள், எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்ந்து சுமக்கவும் வேண்டாம். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி நொந்தால், அதிலும் நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு, பிசியோவிடம் வராமல் வைத்தியரிடம் போங்கள். அதோடு மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ அம்புலன்ஸ், இலங்கையில் 1990. இடுப்பு நோவோடு சிறுநீர் கட்டுப்படாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் பலமில்லாமல் மடங்கினால் அன்றைக்கே வைத்தியசாலை, எந்த ஊரில் நின்றாலும். மற்ற நோவெல்லாம் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்காமல் இருந்தால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் ஒரு கிழமைக்குள் வாருங்கள், அடுத்த லீவு வரைக்கும் பொறுத்திருந்து, போகும் முதல் நாள் மாலை வந்து "நாளைக்குப் பயணம், எப்படியாவது சரியாக்கி விடுங்க மிஸ்" என்று நிற்காதீர்கள். வரும்போது பையையும் கொண்டு வாருங்கள், தராசு வாசலிலேயே இருக்கிறது.