ரத்தத்தை எண்ணிக்கொண்டே கொடுக்கும் மருந்து

மனச்சிதைவு நோய்க்கு இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் காதில் கேட்கும் குரல்கள் ஓயவில்லை என்றால், அடுத்து டாக்டர் யோசிக்க வேண்டியது க்ளோசபைன். மாத்திரையோடு ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதுவார், ஆரம்பத்தில் வாராவாரம். மனதுக்குக் கொடுக்கும் மருந்துக்கு ரத்தத்தை எதற்கு எண்ணுவது?

1958-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், வாண்டர் நிறுவனத்தில் பிறந்தது இந்த மருந்து. 1975-இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலர் தொற்று கண்டு இறந்தார்கள். கிருமியோடு முதலில் மோதுகிற நியூட்ரோபில் வெள்ளணுக்கள் அவர்கள் ரத்தத்தில் அற்றுப்போயிருந்தன. பல நாடுகள் மருந்தை ஒதுக்கின. அதை மீட்டது 1988-இல் அமெரிக்காவில் ஜான் கேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. வேறு மருந்துக்கு மசியாத 268 பேர். ஒரு பிரிவுக்கு க்ளோசபைன், இன்னொன்றுக்குப் பழைய குளோர்புரோமசைன். ஆறு வாரத்தில் முதல் பிரிவில் 30 சதவீதம் பேர் தேறினார்கள், மற்றதில் 4 சதவீதம். மறு ஆண்டே அமெரிக்கா அனுமதித்தது, ரத்தத்தை எண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு. அணுக்கள் அப்படிச் சரிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலும் முதல் 18 வாரங்களுக்குள். நேரத்தில் கண்டு மருந்தை நிறுத்தினால், அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை பொதுவாக மீண்டுவிடும்.

டோபமைன் என்பது மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனம்; அது வந்து ஒட்டும் இடங்கள்தான் ஏற்பிகள். பழைய மருந்துகள் மூளையில் டி2 எனும் வகை டோபமைன் ஏற்பிகளில் முக்கால்வாசியை அடைத்துக்கொள்ளும். கை நடுங்கும், உடம்பு விறைக்கும். க்ளோசபைன் ஏறக்குறைய பாதியைத்தான் பிடிக்கிறது. பிடித்ததையும் சட்டென விட்டுவிடுகிறது. அதனால்தான், ஏற்கெனவே நடுக்கமும் விறைப்பும் உள்ள பார்க்கின்சன் நோயாளிகள் இல்லாத உருவங்களைக் காணும்போதுகூட மிகச் சிறிய அளவில் இதைத் தர முடிகிறது. குறைவாக அடைக்கிற மருந்து கூடுதலாகக் குணம் தருவது எப்படி? செரட்டோனின், குளூட்டமேட் என்று மூளையின் வேறு ரசாயனங்களைக் காட்டும் பல விளக்கங்கள் உண்டு. முழுதாக எதுவும் ஒட்டவில்லை.

தொல்லைகளும் உண்டு. காலையில் எழுந்தால் தலையணை எச்சிலில் ஊறியிருக்கும். அதைச் சொல்லிவிடுவார்கள்; மலச்சிக்கலைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். குடல் அசைவே நின்று உயிருக்கு ஆபத்தாகிற அளவுக்கு அது போகக்கூடும்.

இன்னொன்று, பீடி. புகையில் உள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட, அது க்ளோசபைனை வேகமாகச் சிதைக்கும். வார்டில் சேர்த்ததும் பீடியை நிறுத்துகிறார்கள். சில நாட்களில் நொதி அடங்கிவிடும். மாத்திரை அதேதான், ரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்காகலாம். தூங்கி வழிகிறாரே என்று வீட்டார் திகைப்பார்கள். நிகோட்டின் சூயிங்கம் மென்றாலும் நொதி எழாது. அதை எழுப்புவது புகைதான், நிகோட்டின் அல்ல. பீடியை விட்டால் நல்லதுதான், அன்றைக்கே டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.