சுருளாத வில்லுக்கு எதற்குச் 'சுருள்வில்' என்ற பெயர்?

லாரிப் பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைச் சங்ககிரியில் பார்க்கக் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் 'இலைச் சுருள்வில்'. அச்சுக்கு மேலே அடுக்கடுக்காகக் கட்டி வைத்திருக்கிறோமே எஃகுப் பட்டைகள், ஆங்கிலத்தில் 'லீஃப் ஸ்பிரிங்' எனப்படும் அவற்றுக்குத்தான் இந்தப் பெயர். உதிரிபாகப் பட்டியலிலும் காணொளித் தலைப்புகளிலும் இதே தொடரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்தப் பட்டைகளில் சுருள் எங்கே இருக்கிறது?

ஸ்பிரிங் என்ற ஆங்கிலச் சொல்லின் கதை சின்னதுதான். துள்ளு, பீறிட்டுக் கிளம்பு என்று பொருள்படும் பழைய வினை அது. பீறிடும் ஊற்று, துளிர் கிளம்பும் பருவம், அமுக்கி விட்டால் துள்ளும் கருவி மூன்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. இயந்திர மொழிபெயர்ப்பில் 'இலை வசந்தம்', 'இலை நீரூற்று' என்றெல்லாம் வருவதும் இதனால்தான். அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. படித்த மாத்திரத்திலேயே பிழை என்று தெரிந்துவிடும். 'சுருள்வில்' அப்படியில்லை. பார்க்க நல்ல தமிழாக இருப்பதால் யாரும் சந்தேகப்படாமல் எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள்.

சுருட்டிய கம்பிக்கு அது அருமையான பெயர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியைப் பள்ளியில் படிக்கும்போது நாம் எல்லோரும் பார்த்தது தாங்கியில் தொங்கும் சுருட்டிய கம்பியைத்தான். எடை கூடக் கூட நீட்சியும் அதே விகிதத்தில் கூடும் என்பது அந்த விதி. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு பாதி உண்டு. வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது வில்லின் குணம். சுருள் என்பது வெறும் வடிவம். குணத்தைச் சொல்லும் சொல்தான் தலைச்சொல். வடிவத்தைச் சொல்லும் முன்னொட்டை, அந்த வடிவமே இல்லாத பொருளுக்கும் சேர்த்து ஏன் மாட்ட வேண்டும்?

இதற்குப் புதிதாக யாரும் சொல் கண்டுபிடிக்கவும் வேண்டாம். நம் தாத்தா பாட்டிகள் ஏறிப் போன வில்வண்டி என்ன? மாட்டுவண்டியின் அச்சுக்கு மேலே வளைந்த எஃகுப் பட்டைகளை வைத்துக் கட்டினால் குலுக்கல் குறையும். அந்த வண்டியைப் பார்த்த நம்மவர்கள் அகராதி எதையும் புரட்டாமல் 'வில்' என்றார்கள். இந்திக்காரர்கள் சொல்லும் 'கமானி'யும் வில்லைக் குறிக்கும் 'கமான்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் எடை பார்க்கும் கருவிக்கு விற்றராசு என்று பெயர். வில் தராசு என்பது புணர்ந்து விற்றராசு. எவ்வளவு சுருக்கம், எவ்வளவு தெளிவு! நாம் அதையே 'சுருள்வில் தராசு' என்று நீட்டி முழக்குகிறோம்.

வெறும் சொல் சண்டைதானே என்று சிலர் கேட்கலாம். இல்லை, வேலையே தப்பாகப் போகும். லாரியின் பட்டைக் கட்டில் ஒரு பட்டையைக் கழற்றி எடுங்கள், கட்டு மெத்தென்று ஆகிவிடும், சுமை தாங்காது. சுருள்வில்லில் ஒரு சுற்றை வெட்டி எடுத்தால் நேர்மாறாக நடக்கும், வில் இன்னும் விறைக்கும். செயல்படும் சுற்றுகளைப் பாதியாக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. காரணம் எளிது. பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நின்று சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் வாங்குகிறது, அமுங்கும் அளவைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

உள்ளே நடப்பதும் வேறு. பட்டை வளைகிறது. சுருள்வில்லை அமுக்கும்போது அதன் கம்பி உண்மையில் முறுக்கப்படுகிறது. பட்டையின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு 8 மடங்கு, கம்பியின் விட்டத்தை இரட்டித்தால் 16 மடங்கு. ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. ஒவ்வொன்றிலும் பாரம் வெளிப்பக்கம் சாய்ந்து அந்தப் பக்கத்துப் பட்டைக் கட்டினை அமுக்குகிறது. அதில் ஒரு பட்டை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று கையேட்டைப் பார்த்துக் கற்கும் பையன், 'சுருள்வில்' அத்தியாயத்தின் கணக்கைப் பட்டைக்குப் போட்டால் யாரைக் குற்றம் சொல்வது?

சரி, 'இலை' மட்டும் போதாதா என்றால், அதுவும் ஆங்கிலத்தின் நிழல்தான். தட்டையான நீள இரும்புக்குத் தமிழில் பட்டை என்று பெயர். பட்டறையில் யாரும் "இலை உடைஞ்சிருச்சு" என்று சொல்வதில்லை, "பட்டை உடைஞ்சிருச்சு" என்றுதான் சொல்வார்கள். பழைய லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் என்றால் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரி சேர்ந்த எஃகு அது, கூர் நிற்கும். ஆகவே தனிப் பட்டை வில்பட்டை, முழுக் கட்டு பட்டைவில். சொல்லை முன்பின் மாற்றினாலே உறுப்பும் முழுமையும் பிரிந்துவிடுகின்றன. 'இலைச் சுருள்வில்' என்று எழுதி இந்த வசதியை எப்படிப் பெறுவீர்கள்?

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. வில்லோடு ஐ சேர்ந்தால் 'வில்லை' ஆகிறது. வில்லை என்றால் கண்ணாடி வில்லையும்தானே? "வில்லை அமுக்கு" என்று தனியாக எழுதினால் தடுமாற்றம் வரும்தான். ஆனால் பட்டைவில்லை, சுருள்வில்லை, முறுக்குவில்லை என்று வகையோடு சேர்த்து எழுதினால் குழப்பம் தீர்ந்தது. பொதுவாகச் சொல்லும் இடத்தில் 'வில்லினை' என்று எழுதிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகச் சொல்லையே கைவிடத் தேவையில்லை.

அதே கையேட்டில் இன்னும் சிலவற்றைப் பார்த்து மனம் நொந்துபோனேன். சுற்றோடு சுற்று ஒட்டும்வரை அமுக்கினால் கிடைக்கும் நீளத்துக்குத் 'திட நீளம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திடம், திரவம் என்ற பேச்சே அங்கு இல்லை. ஒட்டு நீளம் என்றால் விஷயம் முடிந்தது. சுமை ஏற்றாதபோது இருக்கும் நீளம் 'சுதந்திர நீளம்' ஆகிவிட்டது. அது சுமையற்ற நீளம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளிக்குச் 'சுருதி' என்று போட்டிருக்கிறார்கள்; 'பிட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இசையில் உள்ள பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். திருகு அளவியைப் பள்ளியில் தொட்ட எவருக்கும் புரியிடைத் தூரம் தெரியும். மொழிபெயர்த்தவர் பட்டறைக்குப் போக வேண்டாம், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கேட்டிருந்தாலே போதும்.

எண்ணெயில் முக்கி எடுப்பதற்குக் 'குளிர்விப்பு' என்று எழுதியிருப்பதும் போதாது. சிவக்கக் காய்ந்ததை வெறுமனே ஆறவிட்டாலும் குளிரத்தான் செய்யும். சட்டென்று முக்கினால்தான் எஃகு கடினமாகும். கொல்லர்கள் அதைத் தோய்ச்சல் என்பார்கள். தோய்த்த எஃகு நொறுங்காமல் இருக்க அதை மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதம் கொண்டுவருவார்கள். தோய்ச்சல் வேறு, பதம் வேறு. கையேட்டிலோ இரண்டுக்கும் ஒரே சொல்.

முதல் பட்டையின் நுனியைச் சுருட்டி இரும்பு ஊசி (பின்) மாட்டும் துளைக்குக் 'கண்' என்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நூல் கோக்கும் துளையை நாம் ஊசிக்காது என்றுதானே சொல்கிறோம்? பட்டைக்கும் காதுதான். முழு பட்டைவில்லிலும் உண்மையாகவே சுருண்டிருக்கும் இடமும் அது ஒன்றுதான்.