கஞ்சாவுல எழுபது பர்சென்ட் இண்டிகா, அதனால பயமில்லன்னு நினைக்கிறவங்களுக்கு

திரும்பவும் அதே கேஸ். நெஞ்சு படபடன்னு அடிக்குது, யாரோ தன்னைப் பத்தியே பேசுறாங்கன்னு பயம், ராத்திரி முழுக்க பொட்டுத் தூக்கம் இல்ல. என்னப்பா எடுத்தேன்னு கேட்டா, "கஞ்சாதான் டாக்டர், இண்டிகா டாமினன்ட் ஹைப்ரிட், அதாவது கலப்புல எழுபது பர்சென்ட் இண்டிகா வகை, அது தூங்கத்தானே வைக்கும்?" கூட வந்த அக்காவும் "அது மைல்டுதானாமே சார்"ங்கறாங்க. மனநல டாக்டரா இதைக் கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சு, அதனால எழுதியே வெச்சிடறேன்.

இண்டிகா, சட்டிவா ரெண்டும் கஞ்சாச் செடியைப் பாத்து தாவர விஞ்ஞானிங்க வெச்ச பேரு. 1753ல லினேயஸ் சட்டிவான்னு வெச்சார், 1785ல லமார்க் இந்தியாவுல இருந்து போன செடியைப் பாத்து இது வேற இனம்னு இண்டிகான்னு வெச்சார். இண்டிகா தூக்கத்துக்கு, சட்டிவா சுறுசுறுப்புக்குன்னு பிரிச்சது அவங்க இல்ல, அது பின்னாடி சந்தையில கிளம்பின பேச்சு. இன்னிக்கு இண்டிகான்னு விக்கிற செடி குட்டையா, புதரா, அகல இலையோட வளரும், பூக்க ஆரம்பிச்சு எட்டு ஒன்பது வாரத்துல அறுவடைக்கு வந்துடும். வளக்குறவங்களுக்கு இது முக்கியமான தகவல்தான், ஆனா செடி குட்டையா நெட்டையான்னு உங்க மூளைக்குத் தெரியாது. அதுவும் பல வருஷமா கலப்பு மேல கலப்பு பண்ணினதுக்கப்புறம் எழுபது முப்பதுங்கறது அளந்து பாத்த கணக்கு இல்ல, வித்தவங்க சொல்ற வம்சக் கதை. 2021ல நெதர்லாந்து சாம்பிள்களை வெச்சு ஒரு மரபணு ஆய்வு வந்துச்சு, லேபிளுக்கும் மரபணுவுக்கும் சரியா ஒத்தே போகல, சில வாசனைப் பொருள்கள்ல மட்டும் கொஞ்சம் தொடர்பு தெரிஞ்சது. அவ்ளோ ஏன், ஒரே செடியில வெளிச்சம் நல்லா படுற மேல் பூவும் நிழல்ல கிடக்குற கீழ்ப் பூவும் ஒரே வீரியம் இல்ல.

அப்போ எது வேலை செய்யுது? டிஎச்சி, அதாவது கஞ்சாவுல இருக்குற போதை தர்ற பொருள். எவ்ளோ டிஎச்சி, எந்த வழியா உள்ள போச்சு, யார் உடம்புக்குள்ள போச்சு, இதுதான் விஷயம். அமெரிக்காவுல பிடிபட்ட சாம்பிள்கள்ல 1995ல சராசரி 4 சதவீதம் இருந்தது, இப்போ 15 தாண்டிடுச்சு. கொஞ்சமா போனா பதட்டத்தைக் குறைக்கிற அதே டிஎச்சி, அளவு ஏறினா பதட்டத்தைக் கிளப்பும். இண்டிகான்னு எழுதியிருந்தாலும் கிளப்பும்.

சாப்பிடுறது இன்னும் மோசம். புகைச்சா சில நிமிஷத்துல தெரிஞ்சுடும், சாப்பிட்டா அரை மணியில இருந்து ரெண்டு மணி நேரம் வரை ஆகும், ஒண்ணும் ஆகலயேன்னு இன்னொரு துண்டு வாய்ல போட்டுட்டு அப்புறம் ரெண்டும் சேந்து தாக்கும்போது ஓடி வர்றாங்க.

தூக்கத்துக்காகத்தான் எடுக்குறேங்கறவங்க இதைக் கேளுங்க. ஆரம்பத்துல சீக்கிரம் தூக்கம் வரும், உண்மைதான். போகப் போக உடம்பு பழகிடும், அளவு கூடும். நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல எரிச்சல், தூக்கமின்மை, பயங்கரக் கனவுன்னு ஆரம்பிச்சு முதல் வாரத்துல உச்சத்துக்குப் போகும். அதைப் பாத்துட்டு "பாத்தீங்களா, அது இல்லாம எனக்குத் தூக்கமே வராது"ன்னு மறுபடி எடுக்குறாங்க. அது பழைய வியாதி இல்லங்க, நிறுத்தினதோட விளைவு. ரெண்டு மூணு வாரம் தாக்குப் பிடிச்சா பெரும்பாலானவங்களுக்கு அடங்கிடும், தனியா முடியலன்னா எங்ககிட்ட வாங்க.

இன்னொண்ணு, பல மாசமா தினமும் எடுக்குறவங்களுக்கு விடாத வாந்தி வந்து, சுடுதண்ணியில குளிச்சா மட்டும் கொஞ்சம் நிக்குதுன்னா அது வயித்துக் கோளாறுன்னு எண்டோஸ்கோப்பி மேல எண்டோஸ்கோப்பி எடுத்துட்டு இருக்காதீங்க, கஞ்சா எடுக்குறதை அந்த டாக்டர்கிட்ட சொல்லுங்க.

வீட்ல அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு), பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்) இருந்தா தயவுசெஞ்சு தொடவே தொடாதீங்க, இது மிரட்டல் இல்ல, கெஞ்சிக் கேக்குறேன். ஐரோப்பாவுலயும் பிரேசில்லயும் நடந்து 2019ல வெளிவந்த ஆய்வுல, வீரியம் கூடின கஞ்சாவை தினமும் எடுத்தவங்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வர்ற வாய்ப்பு, எடுக்காதவங்களை விட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, இதய நோய் இருக்குறவங்க, உங்களுக்கும் வேண்டாம். எடுத்துட்டு வண்டி ஓட்டாதீங்க. சாராயத்தோட கலக்காதீங்க. மிட்டாய் மாதிரி இருக்குறதை குழந்தை கைக்கு எட்டுற இடத்துல வெச்சுட்டு அப்புறம் அழாதீங்க, குழந்தைக்கு மூச்சே மந்தமாயிடும்.

யாராவது எடுத்துட்டு பயந்து நடுங்கினா திட்டாதீங்க, சத்தமில்லாத ரூம்ல உக்கார வெச்சு கூடவே இருங்க. நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு, தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்துற பேச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. போதை இறங்கி ஒரு நாள் ஆகியும் காதுல குரல் கேக்குதுன்னா அன்னிக்கே காட்டுங்க, தானா சரியாகும்னு விடாதீங்க. என்ன எடுத்தாங்க, எத்தனை மணிக்கு, எவ்ளோ, சாப்பிட்டாங்களா புகைச்சாங்களான்னு மறைக்காம சொல்லுங்க, பாக்கெட் மிச்சம் இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க.