படகு வயர்லெஸ்: ஆன்டெனாவின் நீளம் சும்மா வந்ததல்ல

தடைக்காலம் வந்துவிட்டால் பட்டறையில் வயர்லெஸ் செட்டுகள் குவியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. இன்ஜின் வேலை, பெயின்ட் வேலையோடு செட்டையும் கழற்றிக்கொண்டு வருவார்கள். "செட்டு பழசாப் போச்சுண்ணே, தூரத்துக்கு எடுக்க மாட்டேங்குது" என்பதுதான் வழக்கமான புகார். சோதித்துப் பார்த்தால் செட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோளாறு கேபினுக்கு மேலே நிற்கும் ஆன்டெனாவில்.

ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அதாவது நொடிக்கு 15 கோடியே 68 லட்சம் அலைகள். ரேடியோ அலை நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தத் தூரத்துக்குள் இத்தனை அலைகளும் அடங்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றின் நீளம் என்ன? மனக்கணக்காகவே போடலாம்: 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் விடை மீட்டரில் வந்துவிடும். 16-ஆம் சேனலுக்கு 1.91 மீட்டர். அதிர்வெண் கூடினால் அலை குட்டையாகும், குறைந்தால் நீளும். எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3 மீட்டர். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு 416 மீட்டருக்கு மேல்.

ஆன்டெனா இந்த நீளத்தில் பாதியாகவோ காலாகவோ இருந்தால்தான் செட் அனுப்பும் சக்தியை ஒழுங்காக வாங்கிக் காற்றில் விடும். 16-ஆம் சேனலுக்குக் கால் அலை என்பது ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். ஆனால் படகுகளில் நான் பார்ப்பது என்ன? ஒடிந்த ஆன்டெனாவுக்குப் பதிலாகக் காரின் எஃப்எம் ஏரியல். அது 75 சென்டிமீட்டர் அளவில், வேறொரு அலைக்குச் செய்தது. வாக்கி டாக்கியில் 400 மெகாஹெர்ட்ஸுக்கான குட்டைக் குச்சி. மரை பொருந்துகிறது, மாட்டிவிடுகிறார்கள்.

"மத்தவங்க பேசுறது கேக்குதே, அப்புறம் என்ன?" என்பார்கள். துறைமுகத்துக்குள் எதை மாட்டினாலும் கேட்கும். பக்கத்துப் படகின் சிக்னல் அவ்வளவு பலமானது. நாம் மைக்கை அழுத்தும்போதுதான் வினை. பொருந்தாத ஆன்டெனா சக்தியின் ஒரு பங்கைச் செட்டுக்கே திருப்பி அனுப்பும். இப்படித் திரும்புவதை அளக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 3 காட்டினால் நாலில் ஒரு பங்கு திரும்புகிறது என்று பொருள். 25 வாட்டில் 6 வாட்டுக்கு மேல். நல்ல செட் தன்னைக் காத்துக்கொள்ளப் பவரைத் தானே குறைத்துவிடும். மலிவான செட்டில் டிரான்சிஸ்டர் போய்விடும். ஆன்டெனாவே இல்லாமல் மைக்கை அழுத்துவது இன்னும் மோசம். எஸ்டபிள்யூஆர் 1.5-க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி.

சரி, இதே அலைக்கென்று செய்த நீளமான ஆன்டெனா போட்டால் தூரம் கூடுமா? கப்பலில் கூடும். அது சக்தியை மேலும் கீழும் விடாமல் அடிவானத்தை நோக்கிக் குவிக்கிறது. சின்னப் படகு உருளும்போது அந்தக் குவிப்பு ஒரு நேரம் வானத்துக்கும் ஒரு நேரம் தண்ணீருக்கும் போகும்; பேச்சு விட்டு விட்டு வரும். நாட்டுப்படகுக்கு ஒரு மீட்டர் குச்சியே நல்லது என்பது என் கருத்து.

தூரத்தைக் கூட்டுவது உயரம்தான். இந்த 1.91 மீட்டர் அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும், கடலின் வளைவைத் தாண்டி அதிகம் வளையாது. இரு படகுகளின் ஆன்டெனாவும் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் 16 கிலோமீட்டர் அளவுக்குத்தான் பேச்சு. 9 மீட்டருக்கு ஏற்றினால் 25 கிலோமீட்டர் வரை எட்டும். பெரிய கப்பல்களில் 2182 கிலோஹெர்ட்ஸும் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதன் அலை 137 மீட்டர் நீளம், கடல்பரப்பை ஒட்டியே வளைந்து வெகுதூரம் போகும்.

ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் விஎச்எஃப்பை, அதாவது இந்த 16-ஆம் சேனல் செட்டை, மட்டும் நம்பக் கூடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டப் படகுகள் பல, கரையிலிருந்து பேசினால் எட்டாத தொலைவில் இருந்தன. ஆபத்துச் செய்தியைச் செயற்கைக்கோளுக்கு நேராக அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் கருவிக்குக் கடலின் வளைவு ஒரு தடையே இல்லை. அதன் அலை 74 சென்டிமீட்டர்தான், ஆன்டெனாவும் சிறியதே. அதைக் கேபினுக்குள் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். இயக்கும்போது ஆன்டெனா நிமிர்ந்து, மேலே தகரமோ ஆளோ மறைக்காமல், வானம் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும்.