செரம்: மெருகா, தெளிநீரா?

‘ஹேர் செரம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று முடியின் மேல் தடவுவது. மற்றது முடி முளைக்கும் தோலில் சொட்டு விடுவது. முடி கொட்டுகிறதே என்று முதலாவதை வாங்கி மண்டையில் தேய்த்தால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

லத்தீனில் செரம் என்றால், பால் திரியும்போது கட்டியை விட்டுப் பிரியும் நீர். இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் நீருக்கும் பிற்பாடு மருத்துவர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். அந்த நீரைக் கொண்டு டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய்க்குச் சிகிச்சை கண்டதற்காக ஜெர்மன் மருத்துவர் எமில் ஃபான் பேரிங்குக்கு 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. கொஞ்சம் விட்டாலே வேலை செய்யும் வீரிய மருந்து என்ற தோரணை இந்தச் சொல்லுக்கு வந்தது இந்த வழியில்தான் என்று தோன்றுகிறது. அழகுசாதனக்காரர்கள் கடன் வாங்கியதும் அந்தத் தோரணையைத்தான். குப்பிக்குள் பாலும் இல்லை, இரத்தமும் இல்லை.

தமிழில் ‘மோர்த்தெளிவு’ என்ற சொல் முன்பே இருக்கிறது. லத்தீன் சொல்லின் முதற்பொருளுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது. ஆகவே தோலில் விடும் நீர்த்த வகையைத் ‘தலைத் தெளிநீர்’ எனலாம். முடியில் தடவும் வகைக்கு அந்தப் பெயர் ஒட்டாது. அது டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் போன்ற சிலிக்கோன்களின் கலவை. முடிமேல் படலமாகப் படிந்து சிக்கைக் குறைத்துப் பளபளப்பைக் கூட்டும். அதற்கு ‘முடி மெருகு’தான் சரி.

சந்தேகம் வந்தால் ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கலக்காமல் எண்ணெய்போல் மிதந்தால் மெருகு, கரைந்தால் தெளிநீர். பொருட்பட்டியலும் சொல்லிவிடும்: தெளிநீரில் முதல் பெயர் பெரும்பாலும் தண்ணீர், அதாவது ‘அக்வா’.

குப்பியில் காணும் அடுத்த சொல் ‘ஆக்டிவ்’. லத்தீனில் ‘செய்’ என்னும் வினையிலிருந்து வந்தது. செயற்பொருள் என்றால் போதும். முடி உதிர்வுக்கு ரெடென்சில், புரோகாபில், அனாகெயின் என்று குப்பியில் அச்சாகும் பெயர்கள் எதுவும் தனி வேதிப்பொருள் அல்ல, வணிகப் பெயரிட்ட கலவைகள். 30 மி.லி. குப்பியில் ‘3% ரெடென்சில்’ என்றால் ஏறக்குறைய 0.9 கிராம் கலவை இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கலவையிலும் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. வேலை செய்யும் பகுதி அதைவிடக் குறைவு. ஆகவே வேறு வேறு கலவைகளின் விழுக்காட்டை ஒப்பிட்டு ‘இதில் அதிகம்’ என்பது பொருளற்றது. இவற்றுக்கான சான்றுகளில் பெரும்பகுதி தயாரிப்பாளர்களே செய்த சிறு ஆய்வுகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இளநரைக்கு விற்கும் தெளிநீரில் அசிட்டைல் ஹெக்சாபெப்டைடு-1, பால்மிட்டாயில் டெட்ராபெப்டைடு-20 போன்றவை இருக்கும். முடிக்குக் கறுப்பு தரும் மெலனின் நிறமியின் சுரப்பைத் தூண்டுவது நோக்கம். ஆனால் தோலுக்கு வெளியே வந்துவிட்ட வெள்ளை முடி உயிரற்றது. எதைத் தடவினாலும் அது கறுக்காது, சாயம் ஏறினால்தான் உண்டு. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். பலன் இருந்தால் மூன்று, நான்கு மாதம் கழித்து வேரருகே 3, 4 செ.மீ. கறுப்பாகத் தெரிய வேண்டும். நுனியைப் பார்த்து ஏமாறக் கூடாது. பி12 குறைவாலோ தைராய்டு கோளாறாலோ வந்த நரை என்றால் முதலில் இரத்தப் பரிசோதனைதான்.

விடும் முறையிலும் தவறு நடக்கும். எண்ணெய் தேய்த்த தலையில் தெளிநீர் தோலைத் தொடாமல் வழுக்கிப் போகும். உலர்ந்த தலையில் வகிடு பிரித்து, வகிட்டுக்குச் சில சொட்டு வீதம் மொத்தம் 1 மி.லி. போதும். சொட்டுக்குழாயின் முனை தோலில் பட்டால் அழுக்கும் கிருமியும் குப்பிக்குள் போகும்.

மினாக்சிடிலையும் செரம் என்று சொல்லி விற்பதுண்டு. அது முடி உதிர்வுக்கான மருந்து. முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. தலையில் தடவும் 2% கரைசலுக்கு அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். அதைக் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் தடவிய தலையையும் தலையணையையும் அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைக்கு அது நஞ்சு.