கைரேகையா, விரல்ரேகையா?

திருட்டு நடந்த வீட்டுக்கு மோப்ப நாயும் 'கைரேகை நிபுணர்களும்' வந்ததாகச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். அவர்கள் பீரோ கதவில் பொடி தூவித் தேடுவது பெரும்பாலும் விரல் நுனியின் பதிவை. கைரேகை என்றால் உள்ளங்கைக் கோடு. அதைப் பார்ப்பவர் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

ஆனாலும் அந்தச் சொல்லை முழுக்கத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் கை முழுவதையும்தான் மை தடவி ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். விரல் மட்டும் போதும் என்பது அப்புறம் வந்தது. 1897இல் கல்கத்தாவில் காவல்துறையின் விரல்ரேகைக் கூடம் திறந்தது. விரல்ரேகை பதித்துக் குவிந்து கிடக்கும் சீட்டுகளில் ஒன்றைத் தேடியெடுக்க, அவற்றை 1,024 பிரிவுகளாக வகுத்தார்கள். அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குத்தான். 1901இல் அந்த முறை லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டுக்குப் போய், அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவியது.

'ரேகை' வடசொல். தமிழில் வரி என்று உண்டு: வரிக்குதிரை, வரிப்புலி. ஆனால் 'விரல்வரி' என்று எழுதினால் விரலுக்கும் வரி போட்டுவிட்டார்களா என்று கேட்பார்கள். 'கைநாட்டு' நல்ல பழைய சொல். எழுதத் தெரியாதவரை ஏளனம் செய்தே அதைக் கெடுத்துவிட்டோம். விரல் அழுந்திய பதிவைச் சொல்ல 'விரற்பதிவு', வரிகளின் அமைப்பைச் சொல்ல 'விரல்ரேகை' என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

விரல் வேறு, உள்ளங்கை வேறு என்று பிரிப்பது வெறும் இலக்கண வம்பு இல்லை. பல நாட்டுக் காவல்துறைகளை இணைக்கும் இன்டர்போலில் 196 நாடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டில் எடுத்த பதிவை இன்னொரு நாட்டுக் கணினி படிக்க வேண்டுமானால் கோப்பின் அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கான அமெரிக்கத் தர வரையறையில் விரலுக்கு 14ஆம் வகை, உள்ளங்கைக்கு 15ஆம் வகை என்று தனித்தனியே இடம் உண்டு. 'கைரேகை' என்று மொத்தமாகச் சொன்னால் எதில் போடுவது?

ரேஷன் கடையில் இந்தக் குழப்பமே இல்லை. பாத்திரம் தேய்த்து ரேகை மழுங்கிய கட்டைவிரலைத் தலைமுடியில் ஒரு தேய் தேய்த்து, மறுபடி கருவியில் வைக்கும் பாட்டியிடம் கடைக்காரர் சொல்வது, "நல்லா அழுத்தி வைம்மா" என்பதுதான்.